முன்பின் அறியாத ஒரு கை

1888இல் சென்னையில் ஒரு கூலித் தொழிலாளி வலிப்பு வந்து இறந்தார். ஆம்ஸ்ட்ராங் என்ற மருத்துவர் உடலை அறுத்துப் பார்த்தபோது, பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம் நீர்க்கட்டிகளாக உள்ளே குடியிருந்தது தெரிந்தது. அந்தப் புழு மனித உடலில் கட்டியாகத் தங்குவதற்கு இந்தியாவில் எழுதப்பட்ட முதல் சாட்சியாக மருத்துவ நூல்கள் இன்றும் அந்தச் சென்னைக் குறிப்பைத்தான் காட்டுகின்றன. இறந்தவரைப் பற்றி அவை வழிவழியாகச் சொல்லி வருவது, அவர் ஒரு கூலி என்பதை மட்டும்.

கூலிக்காரர்கள் இன்று பெருங்கூட்டமாகக் கூடுகிற இடங்களில் ஒன்று சென்னையின் மேற்குப் புறம். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடியில் ராணுவ டாங்க் செய்யும் தொழிற்சாலையும் வந்தன. முதலில் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் பேருந்து நிலையத்தில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் நின்றால் நான்கைந்து மொழிகள் காதில் விழும்.

அங்கேதான் ஒரு மாலை அந்த இளைஞர் விழுந்ததைப் பார்த்தேன். முதலில் இடது கை மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. கழுத்து அந்தப் பக்கமாகவே திரும்பியது. பிறகுதான் உடம்பு முழுவதும் விறைத்து உதறியது. "காக்கா வலிப்புப்பா, இரும்பு குடுங்க, இரும்பு குடுங்க" என்று ஒருவர் கத்த, இன்னொருவர் தன் பைக் சாவியை அந்தக் கையில் திணித்து விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடத்தில் உதறல் அடங்கியது. "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்று சாவிக்காரர் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். கையில் சாவி இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும். இதை இங்கே சொல்லி வைக்கக் காரணம் இருக்கிறது. தானாக அடங்கியதற்குக் கையில் கிடைத்ததைக் காரணமாக்கும் இந்த வழக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடவில்லை. படித்த மருத்துவர்களும் பல ஆண்டுகள் இதில் சிக்கிக் கிடந்தார்கள்.

வளர்ந்த ஆளுக்கு, அதுவரை எதுவும் இல்லாதவருக்கு, திடீரென்று வலிப்பு வந்தால் மருத்துவர் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்வார். நம் நாட்டில் பலருடைய ஸ்கேனில் தெரிவது சின்னஞ்சிறு வெள்ளை வளையம் ஒன்று. பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்குள்தான். சுற்றிலும் கருத்த வீக்கம். சில படங்களில் வளையத்துக்கு நடுவே, கொஞ்சம் ஓரமாக, ஒரு புள்ளி. அந்தப் புள்ளி புழுவின் தலை. ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து மருத்துவர் பேனா முனையால் அதைக் காட்டும்போது, பெற்றவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "நாங்க பன்னிக்கறி பக்கமே போனதில்லையே டாக்டர்?"

அந்தக் கேள்வியில் திகைப்பு மட்டுமல்ல, லேசான கோபமும் இருக்கும். சைவக் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை, பன்றிப் புழு எப்படிப் பிள்ளையின் மூளைக்குள் போகும்? கேள்வி நியாயமானது. ஆனால் இந்தப் புழு எந்த வழியில் நடமாடுகிறது என்று தெரிந்துகொண்டால், அந்த வீட்டின் சுத்தபத்தம் இந்த விஷயத்தில் எவ்வளவு சிறிய அரண் என்பது புரியும்.

புழுக்கட்டி உள்ள பன்றி இறைச்சியைச் சரியாக வேகவைக்காமல் தின்றவருக்கு அந்த இறைச்சியால் நேராக மூளையில் எதுவும் வருவதில்லை. அவர் குடலில் நாடாப்புழு வளரும், அவ்வளவுதான். இரண்டு மீட்டரிலிருந்து ஏழு மீட்டர் வரை நீளும், ஆண்டுக்கணக்கில் உள்ளேயே வாழும். பலருக்கு அது இருப்பதே தெரியாது. வயிறு கொஞ்சம் மந்தம், எப்போதாவது மலத்தில் வெள்ளையாக ஒரு துண்டு. அந்த ஒரு துண்டில் 50,000 முட்டைகள் வரை இருக்கும், ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. பன்றி அந்த மலத்தைத் தின்றால் முட்டை பொரித்துப் பன்றியின் தசையில் கட்டியாகத் தங்கும், சுற்று முடியும். பன்றிக்குப் பதில் ஒரு மனிதர் அந்த முட்டையை விழுங்கிவிட்டால் புழுவுக்கு வித்தியாசம் தெரியாது. பன்றியின் உடலில் செய்ததையே இங்கும் செய்யும். குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி, தசையிலும் கண்ணிலும் மூளையிலும் போய்க் கட்டியாக உட்காரும்.

ஆகவே மூளையில் புழு வருவது இறைச்சியால் அல்ல. குடலில் புழு உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து, கழுவாத கையிலோ தண்ணீரிலோ பச்சையாகத் தின்னும் இலைதழையிலோ ஒட்டி வந்த முட்டையால் வருகிறது. பன்றிக்கறி தின்றவர் நலமாக இருக்கலாம், அவர் முகத்தைக்கூடப் பார்த்திராத ஒரு சைவக் குழந்தை வலிப்பில் விழலாம். முட்டைக்கோஸ் தின்றால் மூளையில் பூச்சி வரும் என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கோஸ் என்ன செய்யும் பாவம்? கூட்டாகவும் பொரியலாகவும் வெந்துவிட்டால் அந்த முட்டை பிழைக்காது. பச்சையாகத் தின்கிற எந்தக் காயானாலும் கேட்க வேண்டியது, அது எந்தத் தண்ணீரில் வளர்ந்தது, எந்தக் கை தொட்டது என்பதைத்தான்.

புழு உள்ளே வந்த பிறகு நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. மூளைக்குள் உட்கார்ந்த கட்டி உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் ஓசை படாமல் இருக்கும். நம் உடலின் காவல்படை தன்னைக் கண்டுகொள்ளாதபடி அது சில பொருள்களைச் சுரந்து மறைந்துகொள்கிறது. மாதங்கள் போகும், சிலருக்கு ஆண்டுகள் போகும். தலைவலிகூட இராது. பிறகு புழு வயதாகி நலியும். மறைப்பு விலகும். அப்போதுதான் உடல் விழித்துக்கொண்டு அதன்மேல் பாயும், சுற்றிலும் வீங்கும், அந்த வீக்கம் பக்கத்து நரம்பணுக்களைக் கிளறிவிடும். எஸ்டேட்டில் அந்த இளைஞரின் இடது கை முதலில் இழுத்ததே, அப்படித் தொடங்கும் வலிப்பு பெரும்பாலும் மூளையின் வலப் பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டும். எந்தக் கையில் தொடங்கியது என்று பார்த்தவர் சொன்னால் அது மருத்துவருக்குப் பெரிய துணை.

அதாவது பலருக்கு வலிப்பு வருவது புழு நுழைந்தபோது அல்ல, வாழ்ந்தபோதும் அல்ல, அது சாகும்போது. எப்போதோ எங்கேயோ விழுங்கிய ஒன்று, ஊர் மாறி வேலை மாறிக் கல்யாணம் நிச்சயமான பிறகு தன்னைக் காட்டிக்கொள்கிறது. பிரிட்டிஷ் ராணுவம் இதைப் பெரிய அளவில் கண்டது. இந்தியாவில் பணியாற்றிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலர் இங்கிலாந்து திரும்பிச் சில ஆண்டுகள் கழித்து வலிப்பில் விழுந்தார்கள். காரணம் தெரியாத வலிப்பு என்றும் மனக்கோளாறு என்றும் முத்திரை குத்தப்பட்டார்கள். 1930களில் மெக்கார்தர் என்ற ராணுவ மருத்துவர்தான் அவர்கள் உடலில் இந்தப் புழுவைத் தேடிக் காட்டினார். 1961இல் டிக்ஸன், லிப்ஸ்கோம்ப் என்ற இருவர் இப்படிப்பட்ட 450 பேரின் கதையைத் தொகுத்து வெளியிட்டார்கள். மேற்குச் சென்னையை ஒட்டிய பூந்தமல்லியும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் படை வந்து தங்கிய ஊர்தான். இந்தப் புழு அதிகாரம் பார்க்கவில்லை. சிப்பாய் தன் சமையல்காரரின் ஊரில், அவர் குடித்த தண்ணீரைக் குடித்துத்தான் வாழ்ந்தார்.

இனி மருத்துவர்கள் சிக்கிய கதை. 1980களில் ஸ்கேன் இயந்திரங்கள் நம் ஊர்களுக்கு வந்தபோது அந்தச் சின்ன வளையம் நூற்றுக்கணக்கான படங்களில் தெரிந்தது. காசநோய் மலிந்த நாடு, மூளையில் காசநோய்க் கட்டியை அன்றாடம் பார்த்துப் பழகிய மருத்துவர்கள். அது காசநோய்தான் என்று முடிவு கட்டி, ஒரு வருடம், அதற்கு மேலும் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மறு ஸ்கேனில் வளையம் மறைந்திருந்தது. மருந்து கேட்டது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். வலிப்பு மாத்திரை மட்டும் சாப்பிட்ட சிலருக்கும் வளையம் மறைந்தது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

அதைக் கவனித்து விடாமல் பின்தொடர்ந்தவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இருந்தார்கள். நரம்பு அறுவை மருத்துவர்கள் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் ஆகியோரும் அவர்கள் குழுவும் அந்தக் கட்டிகளை எடுத்து நுண்நோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். எல்லோரும் எதிர்பார்த்த காசநோய் அங்கே இல்லை, பலவற்றில் இருந்தது நாடாப்புழு. 1989இல் லான்செட் இதழில் அது வெளியானது. இருபது மில்லிமீட்டருக்குள் இருக்கிற ஒற்றை வளையம், தலைக்குள் அழுத்தம் ஏறாத நோயாளி, நாளுக்கு நாள் கூடாத பாதிப்பு, உடலில் வேறெங்கும் காசநோய் இல்லை என்றால் அது பெரும்பாலும் சாகிற புழுதான் என்று அவர்கள் வகுத்த அடையாளங்கள் எத்தனையோ பேரைத் தேவையில்லாத நீண்ட மருந்திலிருந்தும் கத்தியிலிருந்தும் காப்பாற்றின. கண்ணில் பட்ட குணத்தை நம்பாமல், எது குணப்படுத்தியது என்று திரும்பக் கேட்கிற பொறுமைதான் அவர்களுடைய உண்மையான சாதனை என்று நான் நினைக்கிறேன். தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பெரிதாகப் பேசப்படுகிற, இதைவிடச் சின்ன காரியங்கள் உண்டு.

அதே வேலூர்க்காரர்கள் பின்னர் மாவட்டத்தில் 50,000க்கும் அதிகமானோரை வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2006இல் வந்த அந்த முடிவுப்படி ஆயிரத்தில் ஏறத்தாழ நான்கு பேருக்கு வலிப்பு நோய் நடப்பில் இருந்தது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காரணம் இந்தப் புழு. இந்த நோய் பரவியுள்ள நாடுகளில் வலிப்பு நோயின் சுமார் 30 சதவீதத்துக்கு இதுவே காரணம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வேலூரிலிருந்து வரும் நெடுஞ்சாலை பூந்தமல்லி வழியாகத்தான் சென்னைக்குள் நுழைகிறது என்பதை நான் நினைத்துக்கொள்வேன். "வடக்கத்திக்காரங்க வந்து கொண்டுவந்தது" என்று மேற்குச் சென்னையில் யாராவது சொன்னால், 1888ஐயும் வேலூர்க் கிராமங்களையும் அவருக்குச் சொல்ல வேண்டும். இது நம் மண்ணில் நெடுங்காலமாக இருக்கிற நோய்.

சொல்ல வேண்டிய இன்னொரு ஊர் நியூயார்க். அங்கே புரூக்ளினில் யூத மரபைக் கடுமையாகப் பேணும் ஒரு சமூகம் இருக்கிறது. பன்றி அவர்களுக்குத் தீண்டக்கூடாத பொருள். அவர்களில் சிலருக்கு மூளையில் பன்றிப் புழு இருப்பது தெரிந்து மருத்துவர்கள் திகைத்தார்கள். 1992இல் வெளியான ஆய்வு, அந்த வீடுகளில் வேலை செய்த, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பெண்களிடம் போய் நின்றது. அவர்களில் ஒருவருடைய குடலில் நாடாப்புழு இருந்தது. சமையலறை விதிகள் ஒன்றுவிடாமல் காக்கப்பட்ட வீடுகள் அவை.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, அந்த வேலைக்காரப் பெண்ணைக் குற்றவாளியாக்கிவிடுவது எளிது. அப்படித்தான் நம் மனம் ஓடும். சமைப்பவர், கூட்டிப் பெருக்குபவர், தெருவில் பானிபூரி விற்பவர், பன்றி வளர்ப்பவர் என்று ஒரு பட்டியல் போட்டு ஒதுக்கி வைக்கத் தோன்றும். பன்றி வளர்ப்பைப் பற்றி நம் ஊரில் பேசும்போது பேச்சில் ஏறிக்கொள்கிற சாதி வாடையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் புழுவைச் சுமப்பவர்தான் அதன் முட்டைக்கு மிக அருகில் இருப்பவர். அவர் கையிலிருந்து முதலில் போவது அவருடைய வாய்க்கு, பிறகு அவர் பிள்ளையின் வாய்க்கு. தனக்குள் இருப்பதை அறியாமலே முதல் ஆபத்தில் நிற்பவர் அவர். ஒரு மாத்திரையில் அவரைக் குணப்படுத்திவிடலாம். கண்டுபிடிப்பதுதான் பாடு, கண்டுபிடிக்க வேண்டுமானால் அவர் பயமில்லாமல் வந்து சொல்லும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும்.

என் தட்டில் என்ன இருக்கிறது என்பதை நான் காத்துக்கொள்ளலாம். என் கையை நான் கழுவிக்கொள்ளலாம். ஆனால் நான் சாப்பிடும் ஒவ்வொரு கவளத்துக்கும் முன்னால் வரிசையாக எத்தனையோ கைகள் இருக்கின்றன. கீரை பறித்த கை, கட்டுக் கட்டிய கை, கேண்டீனில் கொத்தமல்லி அரிந்த கை. அந்தக் கைகளுக்குத் தண்ணீரும் சோப்பும் கதவுள்ள கழிப்பறையும் கிடைத்ததா என்பதில் என் மூளையின் நலம் அடங்கியிருக்கிறது. தனி மனிதரின் தூய்மை என்று நாம் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வந்தது, அடுத்தவரின் தூய்மைக்கு வழி செய்யாதவரை, நம் மண்டையோட்டுக்குள் இருப்பதைக்கூடக் காப்பாற்றாது. நம்மைக் காப்பது நாம் யாரை விலக்கி வைத்தோம் என்பதல்ல, யாருக்கு என்ன செய்து கொடுத்தோம் என்பதுதான்.

அப்படிப் பார்த்தால் மேற்குச் சென்னை தன்னைத்தானே கேட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது. அம்பத்தூர் 2011இல் மாநகராட்சிக்குள் வந்தது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனது. ஆனால் பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் இன்னும் கழிவுநீர் லாரிதான் துணை. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போயிற்று. ஒரே அறையில் எட்டுப் பத்துப் பேர் ஷிப்ட் முறையில் படுத்து எழும் லைன் வீடுகளில் எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று யாராவது போய் எண்ணிப் பார்க்க வேண்டும். காலையில் அதற்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள், சிலர் ஏன் காலி மனைப் பக்கம் ஒதுங்குகிறார்கள் என்று கேட்க மாட்டார்கள். அதே காலி மனையில்தான் பன்றிகளும் மேய்கின்றன. புழுவுக்கு வேண்டிய இரண்டும் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன.

பூந்தமல்லியில் அரசின் பொதுச் சுகாதாரப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. சுகாதார ஆய்வாளர்கள் அங்கே பயின்று போகிறார்கள். அவர்கள் மறக்கக் கூடாத பழைய பாடம் ஒன்று உண்டு. 1920களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை சென்னை மாகாணத்தில் கொக்கிப்புழுவை ஒழிக்க இறங்கியது. மருந்தை மட்டும் கொடுத்தால் புழு திரும்ப வரும், கக்கூஸ் இருந்தால்தான் போகும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த பாடம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் பூச்சி மாத்திரை கொடுக்கிறோம், நல்ல காரியம், தொடர வேண்டும். ஆனால் அது குடல் புழுக்களுக்கான ஒற்றை மாத்திரை. மூளைப் புழுவுக்கு அது வைத்தியம் அல்ல. வலிப்பு வந்தவர் தானாக மருந்துக் கடையில் பூச்சி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது. மூளையில் நிறையக் கட்டிகள் இருந்து எல்லாம் ஒரே நேரத்தில் செத்தால் வரும் வீக்கம் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மருத்துவர்கள் ஸ்கேன் பார்த்து, கண்ணைச் சோதித்து, வீக்கத்தை அடக்கும் மருந்தோடு சேர்த்துப் புழுவைக் கொல்லும் மருந்தைக் கொடுக்கிறார்கள். ஒற்றைக் கட்டி என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் கரைந்துவிடும். பலர் வலிப்பு மாத்திரையையும் பின்னர் மருத்துவர் சொல்படி நிறுத்திவிட்டு இயல்பாக வாழ்கிறார்கள்.

இயல்பாக வாழ நாம் விட்டால்தான். வலிப்பு உள்ளவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று இந்துத் திருமணச் சட்டமே 1999வரை சொல்லிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு சட்டத்திலிருந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். வரன் பார்க்கும் வீட்டிலிருந்து அது இன்னும் போகவில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் மறைத்து வைக்கிறார்கள். மறைப்பதில் ஒருநாள் விட்டுப்போகிறது, விட்டுப்போன நாளில் வலிப்பு வருகிறது. ஆண் பிள்ளையாக இருந்தால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். சுழலும் மெஷினிலிருந்து கொஞ்ச காலம் மாற்றுவது சரிதான். ஆனால் மாற்று வேலை கொடுக்க வேண்டும், கணக்கை முடித்து அனுப்பிவிடக் கூடாது. யாரோ ஒருவருக்குக் கழிப்பறை இல்லாமல் போனதற்கு இவர் வேலையை இழப்பது எந்த நியாயத்திலும் சேராது.

இதை ஒழிக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை வந்துவிட்டது. பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் 107 கிராமங்களில் மனிதருக்கும் பன்றிக்கும் மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். 2016இல் முடிவு வெளியானபோது 105 கிராமங்களில் பரவல் நின்றிருந்தது. பன்றிகளுக்கான அந்த வகைத் தடுப்பூசி இன்று நம் பக்கத்து ஐதராபாத்திலேயே தயாராகிறது. பன்றியைப் பிடித்துக் கொண்டுபோய்க் கொல்வதைவிட, வளர்ப்பவருக்குக் கொட்டகையும் தீவனமும் ஊசியும் கிடைக்கச் செய்வது மலிவு, மரியாதையும்கூட. மாநகராட்சி ஒரு புதிய லைன் வீட்டுக்கு அனுமதி தரும்போது கழிப்பறையை எண்ணட்டும். தொழிற்சாலை தன் கேண்டீன் ஒப்பந்தக்காரரிடம், பரிமாறும் ஆட்கள் கை கழுவ இடம் எங்கே என்று கேட்கட்டும், அந்த ஆட்களுக்கு ஆண்டுக்கொரு முறை மலப் பரிசோதனையைத் தன் செலவில் செய்யட்டும், புழு இருந்தால் மாத்திரையும் இரண்டு நாள் சம்பளத்தோடு விடுப்பும் கொடுக்கட்டும். எஸ்டேட் பேருந்து நிலையத்தில் இனி யாராவது விழுந்தால், சாவியைத் தேடாமல் அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் திணிக்காமல், மணியைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108ஐக் கூப்பிடுங்கள். எந்தக் கையில் தொடங்கியது என்பதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.